எட்டெழுத்து முகவரி: வெளிநாட்டுப் பணம் வழிதவறாமல் வந்துசேர ஒரு பாடம்



ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர். மூன்று தலைமுறை வியாபாரம். சரக்கின் தரம் பார்ப்பதிலும் விலை பேசுவதிலும் அவரை ஏமாற்ற ஆள் கிடையாது. அவர் முதன்முறையாக மலேசியாவுக்கு விரலி மஞ்சள் அனுப்பினார். சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவரும் நாணயமானவர்தான். "உங்கள் வங்கியின் கோடு நம்பரை அனுப்புங்கள், நாளைக்கே பணம் போட்டுவிடுகிறேன்" என்றார். நம்மவர் செக் புத்தகத்தை எடுத்து, அதில் அச்சிட்டிருந்த பதினொரு எழுத்துக் குறியீட்டை அப்படியே அனுப்பிவைத்தார்.

அது உள்நாட்டுக் குறியீடு. மலேசிய வங்கியின் படிவம் அதை ஏற்கவில்லை. வாங்கியவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, தாமே தேடிப் பார்த்து, ஏறக்குறைய அதே பெயருள்ள வேறொரு இந்திய வங்கியின் குறியீட்டைப் போட்டு அனுப்பிவிட்டார். பணம் அந்த வங்கிக்குப் போயிற்று. அங்கே அப்படியொரு கணக்கு எண்ணே இல்லை. விசாரணை நடந்து, பணம் மலேசியாவுக்குத் திரும்பி, மறுபடியும் சரியான வழியில் வந்துசேர மூன்று வாரம் ஆனது. போகும்போதும் வரும்போதும் வங்கிகள் கட்டணம் பிடித்தன. நாணய மாற்றிலும் கொஞ்சம் போயிற்று. இதற்கிடையில் விவசாயிகளுக்குச் சொன்ன தவணை தவறியது. மண்டியில் சொன்ன நாள் தவறினால் என்ன பெயர் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஏமாற்றியவர் யாருமில்லை. வங்கிக் குறியீடு என்றால் என்னவென்று இரு பக்கமும் தெரியாததற்குக் கொடுத்த விலை அது. நம் உறுப்பினர்களில் பலர் இன்று சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய் என்று நேரடியாக வியாபாரம் செய்கிறார்கள். ஆகவே இந்தப் பாடத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்து, கணக்குப்பிள்ளைக்கும் படிக்கக் கொடுங்கள்.

உண்டியல் முதல் எட்டெழுத்து வரை

பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் நம் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில், ஊருக்கு ஊர் பணம் மாற உண்டியல் சீட்டு இருந்தது. சீட்டை எழுதியவரையும் தெரியும், கொண்டுவருபவரையும் தெரியும், கையெழுத்தையும் தெரியும். ஆளை நம்பி நடந்த ஏற்பாடு அது. (இன்று சட்டத்துக்குப் புறம்பாக நடக்கும் 'உண்டியல்' வேறு. அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டம், 1999-இன்படி அது சட்டமீறல். அந்தப் பக்கமே போக வேண்டாம்.)

பிறகு வங்கிகள் தந்தியிலும் டெலக்ஸிலும் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பின. இன்றைக்கும் சிங்கப்பூர், மலேசிய வியாபாரிகள் 'டி.டி. போட்டுவிட்டேன்' என்பார்கள். தந்தி வழிப் பணமாற்றம் என்ற பழைய பெயரின் மிச்சம் அது. நம் ஊர் டிமாண்ட் டிராப்ட் என்று நினைத்துவிடாதீர்கள்.

டெலக்ஸில் ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு விதமாக எழுதும். பிழைகளும் தாமதமும் மிகுதி. இதைத் தீர்க்க 1973-ஆம் ஆண்டு 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் கூடி, பெல்ஜியம் நாட்டில் 'ஸ்விஃப்ட்' என்ற கூட்டுறவு நிறுவனத்தை ஏற்படுத்தின. 1977-இல் அதன் கம்பிவழிச் செய்திப் போக்குவரத்து தொடங்கியது. இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளில், பதினோராயிரத்துக்கும் அதிகமான வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதில் இணைந்திருக்கின்றன.

ஒன்றை இங்கே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஸ்விஃப்ட் பணத்தைக் கொண்டுபோவதில்லை. 'இன்னார் கணக்கில் இவ்வளவு வரவு வையுங்கள்' என்ற செய்தியை மட்டுமே கொண்டுபோகிறது. அந்தச் செய்தி எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் முகவரிதான் வங்கி அடையாளக் குறியீடு. பேச்சுவழக்கில் இதை ஸ்விஃப்ட் கோடு என்கிறோம். வங்கிப் படிவங்களில் 'பிக்' என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றே.

எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்ப்போம்

குறியீடு எட்டு இடங்களோ பதினொரு இடங்களோ கொண்டதாக இருக்கும். ஒன்பது, பத்து என்று வந்தால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று பொருள்.

முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிப்பவை.

அடுத்த இரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிப்பவை.

அதற்கடுத்த இரண்டு இடங்கள் ஊரைக் குறிப்பதற்காக ஏற்பட்டவை. இவை எழுத்தாகவும் இருக்கலாம், எண்ணாகவும் இருக்கலாம். 2014-இல் இதற்கான சர்வதேசத் தர விதி திருத்தப்பட்டபின், இவற்றுக்கு ஊர்ப்பொருள் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கடைசி மூன்று இடங்கள் கிளையைக் குறிப்பவை. இவை இல்லாமலும் இருக்கலாம். மூன்று 'எக்ஸ்' போட்டிருந்தால் தலைமை அலுவலகம் என்று கொள்ளலாம்.

பாரத ஸ்டேட் வங்கியின் குறியீட்டைப் பாருங்கள்: எஸ்-பி-ஐ-என்-ஐ-என்-பி-பி. முதல் நான்கும் வங்கியின் பெயர். அடுத்த ஐ-என் இந்தியா. கடைசி இரண்டும் பம்பாய் என்ற பழைய பெயரின் முதலெழுத்து. ஊர் மும்பையாகியும் குறியீடு மாறவில்லை. கொழும்பில் உள்ள இலங்கை வங்கியின் குறியீடு பி-சி-இ-ஒய்-எல்-கே-எல்-எக்ஸ். இதில் எல்-கே என்பது இலங்கை. அமெரிக்காவின் சேஸ் வங்கிக்கு சி-எச்-ஏ-எஸ்-யு-எஸ்-3-3. கடைசியில் எண்கள் வந்திருப்பதைக் கவனியுங்கள்.

நாட்டு எழுத்துகளில் நமக்கு அடிக்கடி வேண்டியவை இவை: சிங்கப்பூர் எஸ்-ஜி, மலேசியா எம்-ஒய், மியான்மர் எம்-எம், ஐக்கிய அரபு எமிரேட்டுகள் ஏ-இ, பிரிட்டன் ஜி-பி, சீனா சி-என். சி-எச் என்பதைப் பார்த்துச் சீனா என்று நினைப்பவர் உண்டு. அது சுவிட்சர்லாந்து.

தமிழில் குறித்துவைத்தால் வரும் வில்லங்கம்

நம்மில் பலர் சிட்டையையும் பேரேட்டையும் தமிழில்தான் எழுதுகிறோம். நல்ல பழக்கம். ஆனால் இந்தக் குறியீட்டை மட்டும் தமிழில் குறித்துவைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் படிக்க வசதியாகத் தமிழில் தந்திருக்கிறோம். படிவத்துக்கு இதைப் பார்த்து எழுதக்கூடாது.

காரணம் சொல்கிறேன். ஜெர்மனியின் டாயிச் வங்கி, பிராங்பர்ட் நகரக் குறியீட்டைத் தமிழில் எழுதினால் டி-இ-யு-டி-டி-இ-எஃப்-எஃப் என்று வரும். மூன்று இடத்தில் 'டி' வருகிறது. முதலாவதும் மூன்றாவதும் டெல்லிக்கு வரும் டி. நடுவில் உள்ளது திருச்சிக்கு வரும் டி. தமிழில் மூன்றும் ஒரே எழுத்து. படிவத்தில் டெல்லி டி-யை மூன்று இடத்திலும் போட்டால் குறியீடு கெட்டது. அதுபோலவே பம்பாயின் பி-யும் பாட்னாவின் பி-யும் தமிழில் ஒன்றாகிவிடும்.

கேட்கும்போதும் இதே தொல்லைதான். டெலிபோனில் எம் என்றது என் என்று காதில் விழும். ஆகவே வாயால் சொல்ல நேர்ந்தால் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள்: டெல்லி டி, திருச்சி டி, பம்பாய் பி, பாட்னா பி, மதுரை எம், நெல்லை என். எழுதும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டமாக எழுதுங்கள். சுழி எண்ணும் ஓ என்ற எழுத்தும், ஒன்று என்ற எண்ணும் ஐ என்ற எழுத்தும் மாறாமல் பார்க்க வேண்டும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. முதல் ஆறு இடங்களில் நடைமுறையில் எழுத்துகளே வரும். அங்கே சுழியோ ஒன்றோ தெரிந்தால் அது எழுத்தாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றுக்கொன்று மாற்றிவிடக்கூடாத எண்கள்

முதலாவது, நம் உள்நாட்டு ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. மஞ்சள் மண்டிக்காரரைச் சிக்கவைத்தது இதுதான். இதுவும் பதினொரு இடம்; இதிலும் முதல் நான்கு எழுத்துகள் வங்கியின் பெயர். பாரத ஸ்டேட் வங்கிக்கு இரண்டிலும் முதல் நான்கெழுத்து ஒன்றேதான். பிறகு குழப்பம் வராமல் என்ன செய்யும்? ஐந்தாவது இடத்தைப் பாருங்கள். அங்கே சுழி இருந்தால் உள்நாட்டுக் குறியீடு. நாட்டின் எழுத்து இருந்தால் வெளிநாட்டுக் குறியீடு. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். என்று நாட்டுக்குள் பணம் அனுப்பத்தான் ஐ.எஃப்.எஸ்.சி.

இரண்டாவது, ஐபான் எனப்படும் சர்வதேசக் கணக்கு எண். இது வங்கியை மட்டுமல்லாமல் கணக்கையும் சேர்த்துக் குறிப்பது. ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் 22 இடம், அரபு எமிரேட்டுகளுக்கு 23, சவுதி அரேபியாவுக்கு 24, பிரான்ஸுக்கு 27. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஐபான் கிடையாது. ஐரோப்பிய வியாபாரி 'உங்கள் ஐபான் என்ன' என்று கேட்டால், எங்கள் நாட்டில் அது இல்லை, கணக்கு எண்ணும் ஸ்விஃப்ட் குறியீடும் போதும் என்று எழுதுங்கள். தாமாக எதையாவது கூட்டி எண்ணிக்கையை நிரப்பிவிடாதீர்கள்.

மூன்றாவது, அந்தந்த நாட்டுக்குள் மட்டும் வழங்கும் எண்கள். அமெரிக்காவில் ஒன்பது இலக்க ரூட்டிங் எண், பிரிட்டனில் ஆறு இலக்க சார்ட் கோடு. அவை அவர்களுடைய ஐ.எஃப்.எஸ்.சி. என்று எண்ணிக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஐபானில் நாட்டெழுத்துக்கு அடுத்த இரண்டு இலக்கங்கள் சோதனை இலக்கங்கள். முதல் நான்கு இடங்களைக் கடைசிக்குக் கொண்டுபோய், எழுத்துகளை எண்களாக மாற்றி, 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும் கணக்கு ஒத்துவராது. கம்ப்யூட்டர் உடனே சொல்லிவிடும். ஸ்விஃப்ட் குறியீட்டில் அப்படிச் சோதனை எழுத்து எதுவும் இல்லை. தவறாக எழுதிய குறியீடு, தற்செயலாக வேறொரு வங்கியின் சரியான குறியீடாக இருந்துவிட்டால், செய்தி அங்கேதான் போகும்.

நம் கிளைக்குத் தனிக் குறியீடு இல்லையென்றால்

வெளிநாட்டுக் குறியீடு எல்லாக் கிளைகளுக்கும் இருப்பதில்லை. அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைகளுக்கே இருக்கும். நம் கணக்கு பஜார் கிளையில் இருந்தால், அதே வங்கியின் எந்தக் கிளைக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும் என்று மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதோடு நம் கணக்கு எண்ணும் கிளையின் பெயரும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் குறிப்புப் பகுதியில் வர வேண்டும். இது இல்லாமல் வந்த பணம், தலைமை அலுவலகத்தில் 'யாருடையது' என்று தெரியாமல் காத்துக்கிடக்கும்.

கணக்கில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். கடைப் பலகையில் ஒரு பெயர், கணக்கில் இன்னொரு பெயர் என்றால், பலகைப் பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம். முகவரியில் ஊரும் நாடும் தனித்தனியே தெளிவாக இருக்கட்டும். வங்கிகளுக்கிடையிலான பணச் செய்திகளின் பழைய அமைப்பு 2025 நவம்பரோடு கைவிடப்பட்டு, விவரங்களைத் தனித்தனிக் கட்டங்களில் கேட்கும் புதிய அமைப்பு வந்திருக்கிறது. ஒரே வரியில் அள்ளித் தெளித்த முகவரி இனிச் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாயிரம் அனுப்பினால் ஏன் குறைகிறது?

சிங்கப்பூர் வியாபாரி நமக்கு 10,000 அமெரிக்க டாலர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாலரின் வீடு அமெரிக்கா. ஆகவே அவருடைய வங்கிக்கும் நம் வங்கிக்கும் நியூயார்க்கில் டாலர் கணக்கு இருக்கும் வங்கிகள் வழியாகத்தான் இது நடக்கும். நம் வங்கி வெளிநாட்டு வங்கியில் வைத்திருக்கும் கணக்குக்கு 'நாஸ்ட்ரோ' என்று பெயர். செய்தி அங்கே போய், அந்தக் கணக்கில் டாலர் வரவானபின், நம் வங்கி ரூபாயாக்கி நமக்கு வரவு வைக்கிறது. இடையிலுள்ள வங்கி சும்மா செய்யாது. உதாரணத்துக்கு 25 டாலர் பிடித்தால், நமக்கு வருவது 9,975.

இந்தச் செலவை யார் ஏற்பது என்று அனுப்புபவர் படிவத்தில் மூன்று வகை உண்டு. ஓ-யு-ஆர் என்றால் முழுச் செலவும் அனுப்புபவருடையது. எஸ்-எச்-ஏ என்றால் அவரவர் பக்கத்துச் செலவு அவரவருக்கு. இடைவங்கிக் கட்டணம் பெரும்பாலும் நம் தொகையில்தான் கழியும். பி-இ-என் என்றால் எல்லாமே பெறுபவர் தலையில். விலை பேசும்போதே இதைப் பேசி, இன்வாய்ஸில் ஒரு வரி எழுதிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத தள்ளுபடியாக இது வருடம் முழுவதும் போய்க்கொண்டிருக்கக் கூடாது.

கட்டணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஏற்றுமதி பில்லின் தொகைக்கும் வந்த பணத்துக்கும் வித்தியாசம் இருந்தால், நம் வங்கி கேள்வி கேட்கும். பிடித்தது வங்கிக் கட்டணம்தான் என்று காட்ட ஆதாரம் வேண்டும். பணம் எதற்காக வந்தது என்ற காரணக் குறியீட்டையும் வங்கி கேட்கும். சரக்கு அனுப்புமுன் முன்பணமாக வந்தால் ஒரு எண், அனுப்பிய சரக்கின் பில்லுக்காக வந்தால் வேறு எண். இதை மாற்றிச் சொன்னால், பில்லும் பணமும் ஒன்றோடொன்று சேராமல் ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்பில் பாக்கியாகவே நிற்கும்.

பணம் நடுவழியில் நின்றுவிட்டால் 'அனுப்பிவிட்டேன்', 'வரவில்லை' என்று இருவரும் சண்டை போட்டுப் பயனில்லை. ஒவ்வொரு பணச் செய்திக்கும் 36 இடங்கள் கொண்ட யு.இ.டி.ஆர். என்ற தனி அடையாள எண் உண்டு. அனுப்பியவரிடம் அதைக் கேட்டு வாங்கி நம் வங்கியிடம் கொடுத்தால், எந்த வங்கியில் நிற்கிறது என்று தேட வழி பிறக்கும். விடுமுறையையும் கணக்கில் வையுங்கள். வங்கதேசத்திலும் சவுதியிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. அரபு எமிரேட்டுகள் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டன.

குறியீடு ஆளைப் பார்க்காது

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வையுங்கள். குறியீடு வங்கிக்கு வழி சொல்லும். அங்கே பணம் வாங்குகிற ஆள் யார் என்று பார்க்காது.

2016 பிப்ரவரி 4-ஆம் தேதி இரவு, வங்கதேச மத்திய வங்கியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்த திருடர்கள், நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் அதற்கிருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 செய்திகள் அனுப்பினார்கள். மொத்தம் 95 கோடி டாலருக்கு மேல். மறுநாள் வெள்ளிக்கிழமை, டாக்காவில் விடுமுறை. அடுத்து நியூயார்க்கில் வார விடுமுறை. திங்களன்று மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. நாள் பார்த்து அடித்த கொள்ளை.

முப்பது செய்திகள் தடுக்கப்பட்டன. ஐந்து நிறைவேறின. அவற்றில் நான்கின் மூலம் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. ஐந்தாவது, இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு 2 கோடி டாலர். அந்த அறக்கட்டளையின் பெயரில் ஆங்கில எழுத்துப் பிழை இருந்தது. இடையிலிருந்த வங்கி அதைக் கவனித்து விளக்கம் கேட்டது. பணம் நின்றது, திரும்பியது.

யோசித்துப் பாருங்கள். செய்திகள் ஸ்விஃப்ட் வழியேதான், ஒழுங்கான முறையில்தான் வந்தன. இயந்திரத்துக்கு அதில் குறை தெரியவில்லை. பெயரைப் படித்துப் பார்த்த கண்ணுக்குத்தான் குறை தெரிந்தது. இரண்டு கோடி டாலரைக் காப்பாற்றியது அதுதான்.

நம் அளவில் இதே மோசடி வேறு உருவில் வருகிறது. துபாயில் உள்ள பழைய சப்ளையரின் பெயரில் ஒரு மின்னஞ்சல்: 'எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை புதிய கணக்குக்கு அனுப்புங்கள்.' பேச்சு நடையும் இன்வாய்ஸும் அசல்போலவே இருக்கும். இருவரின் கடிதங்களையும் யாரோ பல நாளாகப் படித்து வந்திருப்பார்கள். அனுப்பிவிட்டால் பணம் போனதுதான். ஒருவர் கணக்கில் வரவாகிவிட்ட தொகையைத் திரும்பக் கேட்கலாம், அவ்வளவே. அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்காமல் பெரும்பாலும் திரும்பாது.

இங்கே நாம் கற்ற எட்டெழுத்து கைகொடுக்கும். ஐந்தாவது, ஆறாவது எழுத்துகளைப் பாருங்கள். சப்ளையர் துபாயில் இருக்கிறார். குறியீட்டில் ஏ-இ இல்லாமல் வேறு நாட்டின் எழுத்து இருக்கிறது. ஐபானின் முதல் இரண்டெழுத்தும் வேறாக இருக்கிறது. உடனே கையை நிறுத்துங்கள். நாட்டெழுத்து சரியாகவே இருந்தாலும், கணக்கு மாறிவிட்டது என்று வந்தால், நம்மிடம் ஏற்கெனவே உள்ள பழைய டெலிபோன் எண்ணில் கூப்பிட்டு, தெரிந்த குரலிடம் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும். அந்த மின்னஞ்சலிலேயே தந்திருக்கும் எண்ணைக் கூப்பிடுவது, திருடனிடமே சாட்சி கேட்பது.

இன்னொன்று. 'பணம் போட்டாயிற்று, இதோ ஸ்விஃப்ட் காப்பி' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வரும். பழைய பெயரால் அதை எம்.டி.103 காப்பி என்பார்கள். தாள் பணமாகாது, அச்சிட்ட தாளைத் திருத்தத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கையில் காசு, வாயில் தோசை என்பது நம் பெரியவர்கள் சொன்ன வியாபாரச் சட்டம். நம் வங்கி 'வரவாகிவிட்டது' என்று சொன்ன பிறகே லாரியில் லோடு ஏறட்டும்.

ஒரே தாளில் எழுதிவையுங்கள்

கீழ்க்கண்ட விவரங்களை ஆங்கிலத்தில் ஒரே தாளில் டைப் செய்து, வங்கி மேனேஜரிடம் காட்டிச் சரிபார்த்து, கடையில் வைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் அதன் நகலையே அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கையால் எழுத வேண்டாம்.

1. வங்கிக் கணக்கில் உள்ளபடி நிறுவனத்தின் முழுப் பெயர்.
2. கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் எண், நாடு.
3. முழுக் கணக்கு எண், முன்னால் வரும் சுழிகளையும் சேர்த்து.
4. வங்கியின் பெயர், கிளையின் பெயர்.
5. மேனேஜர் சொன்ன ஸ்விஃப்ட் குறியீடு.
6. கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி., 'உள்நாட்டுக் குறிப்புக்கு மட்டும்' என்ற சொற்களுடன்.
7. டாலரில் வாங்குவதானால் நியூயார்க்கில் உள்ள நம் வங்கியின் நாஸ்ட்ரோ விவரம்.
8. கட்டணம் யாருடையது என்ற ஒரு வரி.
9. 'எங்கள் கணக்கு மாறினால் மின்னஞ்சலில் மட்டும் தெரிவிக்க மாட்டோம். டெலிபோனில் பேசி உறுதி செய்யாமல் புதிய கணக்குக்கு அனுப்ப வேண்டாம்' என்ற எச்சரிக்கை.

கடைசி வரி வாங்குபவருக்கும் காவல், நமக்கும் காவல். நாம் இறக்குமதி செய்யும்போது சப்ளையரிடமும் இதேபோல் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். முதல்முறை பெரிய தொகை அனுப்பவேண்டியிருந்தால், சிறு தொகையை முன்னால் அனுப்பி, 'கிடைத்தது' என்று அவர் வாயால் கேட்டபின் மீதியை அனுப்புவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

பயிற்சி

கேள்வி 1: பதினொரு இடக் குறியீடு ஒன்றில் ஐந்தாவது இடத்தில் சுழி இருக்கிறது. வெளிநாட்டுக்காரரிடம் இதைக் கொடுக்கலாமா?
விடை: கூடாது. அது ஐ.எஃப்.எஸ்.சி.

கேள்வி 2: சிங்கப்பூர் சப்ளையரின் புதிய குறியீட்டில் ஐந்து, ஆறாம் எழுத்துகள் எச்-கே என்று இருக்கின்றன. என்ன செய்வீர்கள்?
விடை: அது ஹாங்காங். அவருக்கு அங்கே உண்மையாகவே கணக்கு இருக்கலாம். ஆனாலும் பழைய எண்ணில் பேசாமல் அனுப்பக்கூடாது.

கேள்வி 3: ஒரு குறியீடு ஒன்பது எழுத்தோடு வந்திருக்கிறது. கடைசி எழுத்தை நீக்கி எட்டாக்கிவிடலாமா?
விடை: கூடாது. எது தவறு என்று நமக்குத் தெரியாது. திரும்பக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி 4: குறியீடு சரி, கணக்கு எண்ணும் சரி. பெயரில் ஓர் எழுத்துப் பிழை. விட்டுவிடலாமா?
விடை: கூடாது. அந்த ஓர் எழுத்துக்காகவே பணம் நடுவழியில் நிற்கலாம். 2016-இல் நின்றது.

முன்னே சொன்ன மஞ்சள் மண்டிக்காரர் இப்போது மேலே கண்ட தாளைக் கல்லாப் பெட்டிக்கு மேல் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மலேசியா பார்ட்டியோடு வியாபாரமும் தொடர்கிறது. பணமும் நேரே வந்து சேர்கிறது. எடைத் தராசை நாள்தோறும் சரிபார்த்த பிறகே கடை திறக்கும் வழக்கமுள்ளவர்கள் நாம். பணத்துக்கு வழிசொல்லும் எட்டெழுத்தையும் அந்தத் தராசைப்போலவே பாருங்கள். தெரிந்தவர்கள் பக்கத்துக் கடைக்காரருக்கும் சொல்லிக்கொடுங்கள்.